தண்டுவடமும் நடையும்



தண்டுவடத்தைப் பற்றி ஆய்ந்து வருகிறேன் என்று நம் சங்கத்தில் யாரிடம் சொன்னாலும், அடுத்து எழும் கேள்வி ஒன்றே: "முதுகில் அடிபட்டுக் கால் விழுந்துபோனவர் மறுபடியும் நடப்பாரா?" இக்கேள்வியைக் கேட்போர் வெறும் அறிவு வேட்கையால் கேட்பதில்லை. ஒருவருக்கு மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த மாமன் மகன் இருக்கிறார். மற்றொருவருக்குச் சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் சித்தப்பா இருக்கிறார். நம் நாட்டில் தண்டுவடக் காயத்துக்குச் சாலை விபத்தும், உயரத்திலிருந்து விழுதலுமே தலையாய காரணங்கள். ஆதலின் இக்கேள்விக்கு விஞ்ஞானம் இன்று தரக்கூடிய விடையை, கூட்டாமலும் குறைக்காமலும், இங்கே எழுத முற்படுகிறேன்.

வடத்தின் அமைப்பு

முதலில் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். முதுகெலும்பு வேறு; தண்டுவடம் வேறு. முதுகெலும்பு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகளின் கோவை. இவ்வெலும்புகளின் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தி ஒரு குழலாக அமைகின்றன. அக்குழலினுள் காப்பாக வைக்கப்பெற்றுள்ள மென்மையான நரம்புத் திரளே தண்டுவடம். வளர்ந்தவர் உடலில் அஃது ஏறத்தாழ 45 செ.மீ. நீளம் உடையது, பருமனோ நம் சுண்டுவிரல் அளவே. மூளையின் அடியில் தொடங்கி, இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதனின்றும் 31 இணை நரம்புகள் கிளைத்து உடலெங்கும் செல்கின்றன.

"நட" என்னும் மூளையின் கட்டளை இவ்வடத்தின் வழியே கீழே இறங்குகிறது. காலில் முள் தைத்த செய்தி இதன் வழியே மேலே ஏறுகிறது. சிறுநீர்ப்பையை அடக்குதல், வியர்த்தல், குருதியின் அழுத்தத்தைச் சீராக வைத்தல் ஆகிய நாம் எண்ணிப் பாராத வேலைகளுக்கும் இதுவே வழி. எனவே வடம் எந்த உயரத்தில் காயமுறுகிறதோ, அதற்குக் கீழே உள்ள பகுதிகள் பாதிப்புறுகின்றன. கழுத்தில் காயமுற்றால் கைகளும் கால்களும் செயல் குன்றும். மார்பிலோ இடுப்பிலோ காயமுற்றால் கைகள் தப்பும், கால்கள் விழும்.

காயத்தின் அளவை மருத்துவர் 'ஏ' முதல் 'ஈ' வரை ஐந்து படிகளாகப் பிரிப்பர். வடத்தின் கடைசிப் பகுதி ஆளும் ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சியோ அசைவோ சிறிதும் இல்லையெனில் அது 'ஏ', அதாவது முழுக்காயம். உணர்ச்சி மட்டும் எஞ்சியிருப்பின் 'பி'. அசைவும் ஓரளவு எஞ்சியிருப்பின் அதன் வலுவுக்கு ஏற்பச் 'சி' அல்லது 'டி'. 'ஈ' என்பது பழைய நிலைக்கு மீண்டது. 'டி' படியினர் பெரும்பாலும் நடக்கின்றனர். 'சி' படியினரில் பலர் நடக்கின்றனர். 'ஏ' படியில் தொடங்கியவர் தாமாக நடை பெறுவது அரிது. ஆகவே, "நடப்பாரா?" என்று கேட்போரிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எந்தப் படி?" என்பதே. பலருடைய வீட்டில் யாரும் அதைச் சொல்லியிருப்பதில்லை.

முறிந்த எலும்பு கூடுகிறது. வடம் ஏன் கூடவில்லை?

எகிப்து நாட்டில் கி.மு. 1600ஐ ஒட்டி எழுதப்பெற்ற மருத்துவ ஏடு ஒன்று உளது. 1862-இல் அதை வாங்கிய எட்வின் சுமித்து என்பவரின் பெயராலேயே அது வழங்குகிறது. கழுத்தெலும்பு நழுவிக் கைகால் உணர்விழந்தவனைப் பற்றி அதில் குறிப்பு இருக்கிறது. அது மருத்துவம் செய்தற்கு உரியதன்று என்பதே அவ்வேட்டின் முடிவு. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அம்முடிவு மாறவில்லை.

இத்தனைக்கும் வடம் கத்தியால் அறுத்தாற்போல் துண்டாவது மிகச் சிலருக்கே. பெரும்பாலோருக்கு எலும்பு நழுவி வடத்தை நசுக்குகிறது. நசுங்கிய இடத்தில் குருதி கசிகிறது, வீக்கம் எழுகிறது, முதல் அடியில் தப்பிய நரம்பணுக்களும் அடுத்த சில நாட்களில் மடிகின்றன. பின்னர் அவ்விடத்தில் தழும்பும் குழியும் உண்டாகின்றன.

கையில் ஒரு நரம்பு அறுந்தால், மருத்துவர் அதைத் தைத்துவிட, நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. வீதம் அது வளர்ந்து மீண்டும் விரலை எட்டுகிறது. தண்டுவடத்தின் நரம்பிழைகள் மட்டும் ஏன் வளரவில்லை? ஸ்பெயின் நாட்டுப் பேரறிஞர் ரமோன் இ காஹால், 1906-இல் நோபல் பரிசு பெற்றவர், அறுந்த இழைகளை நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். அவை முதலில் சிறிது துளிர்க்கின்றன, பின்பு நின்றுவிடுகின்றன என்று கண்டார். வளர்ந்தவர் மூளையிலும் வடத்திலும் மீள்வளர்ச்சி இல்லை என்பது அதன்பின் பாடமாயிற்று.

அப்பாடத்தை அசைத்தது 1981-ஆம் ஆண்டு. கனடாவில் மான்ட்ரியல் நகரில் டேவிட், அகுவாயோ என்னும் இருவர், காலிலிருந்து எடுத்த நரம்புத் துண்டொன்றை எலியின் வடத்தோடு பாலம்போல் இணைத்தனர். வளரா என்று எண்ணியிருந்த வடத்தின் இழைகள் அப்பாலத்தினுள் நெடுந்தொலைவு வளர்ந்தன! விதையில் குற்றமில்லை, மண்ணில்தான் குற்றம் என்பது தெளிவாயிற்று. பின்னர் சூரிச் நகரில் மார்ட்டின் ஷ்வாபும் அவர் குழுவினரும், வடத்தின் இழைகளைப் போர்த்தியுள்ள மயலின் உறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் உண்டு என்று காட்டினர். அதற்கு நோகோ என்று பெயர். அதைத் தடுக்கும் மருந்துகள் விலங்குகளில் பயன் தந்துள்ளன. மனிதரில் இன்னும் சோதனை நிலையிலேயே உள்ளன.

வண்டிக்காரனும் மாடும்

இனி, நடையின் பக்கம் வருவோம். நடக்க வேண்டுமெனில் அறுந்த இழைகள் அனைத்தும் மீண்டும் வளர்ந்தாக வேண்டுமா? இங்கேதான் ஆய்வின் போக்கு வேறு வழியில் திரும்பிற்று.

சந்தைக்குப் போய்த் திரும்பும் மாட்டுவண்டியைப் பெரியோர் கண்டிருப்பர். வண்டிக்காரன் உறங்கிவிடுவான், மாடுகள் தாமாகவே வீடு வந்து சேரும். எங்கே போவது, எப்போது நிற்பது என்பன வண்டிக்காரன் வேலை. காலை எப்படி மாற்றி மாற்றி வைப்பது என்று அவன் மாட்டுக்குக் கற்பிப்பதில்லை. நம் உடலில் மூளை வண்டிக்காரன். மாடு தண்டுவடத்தின் அடிப்பகுதி.

இது வெறும் உவமை அன்று. 1911-இல் தாமஸ் கிரஹாம் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு ஆய்வாளர், மூளையினின்றும் துண்டித்த பூனையின் வடம், பின்னங்கால்களை மாறி மாறி மடக்கி நீட்டும் தாளத்தைத் தானே உண்டாக்குகிறது என்று காட்டினார். தலை போன கோழி முற்றத்தில் ஓடுவதைக் கண்டவர்க்கு இது பெருவியப்பாகத் தோன்றாது. பிற்காலத்தில் வடம் அறுந்த பூனைகளை டிரெட்மில் என்னும் ஓடும் பட்டையின் மேல் நிறுத்தி நாள்தோறும் பழக்கினர். பட்டை நகர, பாதம் பின்னே இழுபட, அவ்வுணர்ச்சியே தூண்டுகோலாகிக் கால் முன்னே எடுத்து வைத்தது. 1987-இல் மான்ட்ரியலைச் சேர்ந்த பார்போ, ரோசிஞோல் ஆகியோர், முழு வளர்ச்சியடைந்த பூனையும் இவ்வாறு பழக்கத்தால் பின்னங்கால் நடையை மீட்கும் என்று விளக்கினர். தண்டுவடமும் பாடம் கற்கும் என்பது இதனால் புலனாயிற்று.

உடனே மனிதரிடம் முயன்றனர். உடலைக் கச்சையால் தூக்கிப் பிடித்து, ஓடும் பட்டையில் கால்களை நகர்த்திப் பயிற்சி தரும் முறை, ஜெர்மனியில் வேர்னிக் முதலியோர் 1992-இல் வெளியிட்ட ஆய்வுக்குப்பின் பெரிதும் பரவிற்று. ஆனால் விஞ்ஞானத்தில் நம்பிக்கை மட்டும் போதாது. ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அமெரிக்காவில் டாப்கின் குழுவினர், அண்மையில் காயமுற்ற, வடம் முற்றும் அறாத 146 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குக் கச்சையும் பட்டையும். மறு பிரிவுக்குத் தரையிலேயே அதே அளவு பயிற்சி. 2006-இல் வந்த முடிவு யாது? இரு பிரிவினரும் ஒத்த அளவிலேயே முன்னேறினர். விலையுயர்ந்த பொறியைவிட, விடாது செய்யும் பயிற்சியே இன்றியமையாதது என்று இதனை நாம் கொள்ளலாம். நம் ஊர் நிலைக்கு இஃது ஆறுதலான செய்தி அல்லவா?

மின்தூண்டல்

மூன்றாவது படி மின்சாரம். தசையில் நேரே மின்சாரம் பாய்ச்சிக் காலை உதறச் செய்வது பழைய முறை. இப்போது பேசப்படுவது வேறு. இடுப்பின் மேற்பகுதியில், வடத்தைப் போர்த்த உறையின் வெளிப்புறத்தே மின்முனைகள் கொண்ட சிறு தகடு ஒன்றைப் பொருத்துவர். அதன் மின்னோட்டம் வடத்தினுள் நுழையும் உணர்ச்சி நரம்புகளைத் தூண்டுகிறது. அதனால் உறங்கிக் கிடந்த அடிவடம் விழிப்பு நிலைக்கு வருகிறது. மாட்டை இழுத்துப் போவது அன்று இது. படுத்த மாட்டைத் தட்டி எழுப்புவது.

2011-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் சூசன் ஹார்க்கிமா, கலிபோர்னியாவின் ரெஜி எட்ஜர்ட்டன் முதலியோர் ஓர் இளைஞரைப் பற்றிய முடிவை வெளியிட்டனர். கால்களில் அசைவே இல்லாதிருந்த அவர், தூண்டல் நடைபெறும்போது தம் உடற்பாரம் முழுவதையும் தாங்கி நான்கு நிமிடங்களுக்கு மேல் நின்றார். அதைவிட வியப்பு ஒன்று உண்டு. அவர் நினைத்தபோது காலை அசைக்கவும் முடிந்தது! மூளையின் கட்டளை கீழே எட்டினாலன்றி இது நிகழாது. சோதனையில் அகப்படாத சில இழைகள் காயத்தினூடே எஞ்சியிருந்தன என்றும், தனித்து ஒலிக்க வலுவற்ற அவற்றின் குரல் தூண்டலின் துணையால் கேட்டது என்றும் ஆய்வாளர் கருதினர்.

2018-இல் மூன்று குழுக்கள் அடுத்தடுத்து நடையைப் பற்றியே அறிவித்தன: லூயிவில் குழு, மேயோ மருத்துவக் குழு, சுவிட்சர்லாந்தின் கூர்ட்டின், பிளாக் ஆகியோரின் குழு. லூயிவில்லில் நால்வருள் இருவர் கைத்தாங்கலோடு தரையில் நடந்தனர். ஒருவருக்கு அதற்கு 85 வாரங்களில் 278 பயிற்சிகள் தேவையாயின. மற்றவருக்கு 15 வாரங்களில் 81. மற்ற இருவர் நின்றனர், நடக்கவில்லை. செய்தித்தாள்கள் நடந்த இருவரைப் படம் பிடித்தன. நடவாத இருவரையும் நாம் மறத்தலாகாது.

2022-இல் சுவிஸ் குழு ஒன்பது பேரிடம் கண்ட உண்மை சிந்தனைக்கு உரியது. தூண்டலோடு பழகிய பின்னர், நடக்கும்போது அடிவடத்தின் செயல் மிகும் என்றே எவரும் எதிர்பார்ப்பர், அதுவோ குறைந்திருந்தது. கற்றுத் தேர்ந்த நெசவாளியின் கை வீண் அசைவை விட்டுவிடுதல்போல, வடமும் வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டது. அந்நடைக்குத் தேவையான ஒரு வகை நரம்பணுவையும் எலிகளில் இனங்கண்டனர். 2023-இல் அதே குழு, மூளையின் மேற்பரப்பில் பொருத்திய கருவியால் எண்ணத்தை அறிந்து, கம்பியின்றி அதை வடத்தின் தூண்டுகருவிக்கு அனுப்பிற்று. 2011-இல் மிதிவண்டி விபத்தில் கழுத்தில் காயமுற்ற ஒருவர், தம் எண்ணத்தால் நின்றார், நடந்தார், படியும் ஏறினார். கருவியை நிறுத்திய பிறகும் ஊன்றுகோலோடு அவரால் நடக்க முடிந்தது. ஆனால் அவர் காயம் முழுக்காயம் அன்று. பல ஆண்டுப் பயிற்சியும் அவருக்கு முன்னரே இருந்தது. ஒருவர் பெற்ற பயனை எல்லார்க்கும் உரியதாக எழுதுதல் விஞ்ஞானம் ஆகாது.

ஊசி விற்போர்

நான்காவது வழி குருத்தணு, அதாவது ஸ்டெம் செல். மடிந்த அணுக்களுக்கு மாற்றாகப் புதிய அணுக்களை நடுவது இதன் நோக்கம். அமெரிக்காவில் ஜெரான் நிறுவனம் 2010-இல் முதல் நோயாளிக்கு இதைச் செய்து, 2011-இல் அம்முயற்சியையே கைவிட்டது. ஜப்பானில் கேயோ பல்கலைக்கழகத்தார் 2021 டிசம்பர் முதல் நால்வருக்கு, காயமுற்ற சில வாரங்களுக்குள், அணுக்களை நட்டனர். 2025 மார்ச்சில் அவர்கள் சொன்னது: ஒருவர் தாமாக நிற்கிறார், நடை பயில்கிறார், மற்றொருவர்க்கு அசைவு கூடியது, ஏனை இருவர்க்குப் பெரிய மாற்றமில்லை. இதில் ஒப்பீட்டுக்குழு இல்லை. காயத்தின் முதல் மாதங்களில் இயல்பாகவே சிலர் முன்னேறுவர் என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். இந்நிலையில் இஃது ஆய்வே அன்றி மருத்துவம் அன்று.

இதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. எங்கள் சிற்றூர் உடன்குடிக்கு அருகே உளது. அங்கே பனையிலிருந்து விழுந்து கால்கள் செயலற்ற ஒருவரின் மகன் சென்ற ஆண்டு எனக்கு எழுதினான். "அண்ணே, ஓர் இடத்தில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் அப்பா நடந்துவிடுவார் என்கிறார்கள். நாலரை இலட்சம் ஆகுமாம். விளையை விற்றுவிடலாமா? நீங்கள்தான் படித்தவர், சொல்லுங்கள்" என்பது அக்கடிதம்.

அவனுக்கு நான் எழுதிய விடை இது: "விற்காதே, தம்பி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, குருதி நோய்கள் போன்ற சிலவற்றுக்கே குருத்தணு மருத்துவம் ஏற்கப்பட்டது. தண்டுவடக் காயத்துக்கு அதை ஒப்புதல் பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வுக்கு உட்படுவோரிடம் பணம் வாங்குதல் முறையன்று. ஆகவே யார் காசு கேட்கிறாரோ, அவர் செய்வது ஆய்வும் அன்று, மருத்துவமும் அன்று. அப்பா எந்தப் படியில் இருக்கிறார் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கு. முதுகிலும் இடுப்பிலும் புண் வராமல் பார்."

இவ்விடையை எழுதுவது எளிதாய் இருக்கவில்லை. ஒரு மகனின் நம்பிக்கையைத் தட்டிப் பறிப்பதுபோல் இருந்தது. ஆனால் விளை போய், நடையும் வராமல் போனால், அக்குடும்பம் எதை ஊன்றி நிற்கும்? அவன் விற்கவில்லை. வீட்டு வாயிற்படிக்குச் சாய்தளம் கட்டினான். கழிப்பறைக் கதவைச் சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு அகலமாக்கினான். அவன் தந்தை இன்று திண்ணையில் அமர்ந்து, கருப்பட்டிக்கு ஓலைப்பெட்டி முடைகிறார்.

நடையே வாழ்வு அன்று

இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் தண்டுவடம் காயமுற்றோர் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள் இறந்தனர். அவர்களைக் கொன்றது கால் முடக்கம் அன்று. படுக்கைப்புண்ணும் சிறுநீரகக் கேடுமே. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன், நோயாளிகளை இரவும் பகலும் உரிய நேரங்களில் புரட்டிப் படுக்கவைத்து, சிறுநீரை முறையாக வெளியேற்றி, அவர்களை வாழவைத்தார். 1948-இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் அவர் 16 பேரைக் கொண்டு ஒரு விற்போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக்கின் வித்து அதுவே.

நம் நாட்டில், வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் கால்களின் செயலை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் கண்டார். 1965-இல் எவரெஸ்டு ஏறி, அதே ஆண்டுப் போரில் குண்டடிபட்ட மேஜர் அலுவாலியா, நாம் வாழும் இத்தில்லியில் வசந்த் குஞ்சிலே தண்டுவடக் காய மருத்துவ நிலையத்தை நிறுவினார். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் காயமுற்ற பொறியியல் மாணவர் இராமகிருஷ்ணன், 1981-இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இம்மூவரும் நடந்து சாதித்தவர் அல்லர்.

அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று, காயமுற்ற 681 பேரையே கேட்டது: "எது மீண்டால் உங்கள் வாழ்வு மிகவும் சிறக்கும்?" கழுத்தில் காயமுற்றோர் முதலில் கேட்டது நடையை அன்று; கைகளை! தம் கையால் உண்ண, தம் கையால் எழுத. அவர்களுக்காக, தோலின் மேலேயே மின்முனைகளை வைத்துக் கையைப் பயிற்றும் கருவி ஒன்று 60 பேரிடம் சோதிக்கப்பெற்றது. அவர்களுள் 72 விழுக்காட்டினர் வலுவிலும் செயலிலும் முன்னேறினர் என்று 2024-இல் அறிவிக்கப்பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு அதற்கு இசைவு அளித்தது.

நாம் செய்யத்தக்கவை

ஆகவே விடை யாது? முழுக்காயத்தை முற்றும் மாற்றவல்ல மருந்து இன்று இல்லை. ஆயினும் மூவாயிரம் ஆண்டு முடிவு உடைந்துவிட்டது. வடம் கற்கிறது; எஞ்சிய சில இழைகளும் துணை கிடைத்தால் பேசுகின்றன; மண் திருந்தினால் வேர் ஓடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் இல்லாதோர்க்கும் இதில் வேலை உண்டு. எவரேனும் மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்து கால் அசையவில்லை என்றால், அவரைத் தோளையும் காலையும் பிடித்து மடக்கித் தூக்காதீர். உட்கார வைத்துத் தண்ணீர் புகட்டாதீர். 108-ஐ அழையுங்கள். அதுவரை தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேராய் இருக்கும்படி அசையாமல் வையுங்கள். நகர்த்தியே தீர வேண்டுமெனில், பலர் சேர்ந்து உடலை ஒரே கட்டையாக உருட்டி, பலகையிலோ கழற்றிய கதவிலோ கிடத்துங்கள். இதை ஊருக்குப் போகும்போது பனையேறிகளிடமும் கொத்தனார்களிடமும் சொல்லுங்கள். ஒரு 'சி' படியினர் வழியிலேயே 'ஏ' படியாகிவிடாமல் காப்பது, நான் ஆய்வுக்கூடத்தில் செய்யும் எதனினும் பெரிது.

மற்றொன்று நம் சங்கத்துக்கே உரியது. நம் கூட்டங்கள் இரண்டாம் மாடியில் நடக்கின்றன. அங்கே செல்ல 44 படிகள் உள்ளன, மின்தூக்கி இல்லை. சக்கர நாற்காலியில் வரும் தமிழ் மாணவர் ஒருவர் இவ்வாண்டு நம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறார். அவர் இதுவரை ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. வரும் பொங்கல் விழாவைக் கீழ்த்தள அரங்கில் நடத்தவேண்டும் என்று செயற்குழுவுக்கு நான் எழுதித் தந்துள்ளேன். இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் அவ்விண்ணப்பத்தில் கையொப்பம் இடுமாறு வேண்டுகிறேன்.